எல்லோருக்கும் அனுமதி

ஏனுங்க்கா, அந்த ஜன்னலோரம் எனக்குக் குடுக்கறீங்களா? கொஞ்சம் காத்து வேணும். தப்பா நெனச்சுக்காதீங்க, காலையில இருந்து ஒரு வாய் காப்பிகூட எறங்கலைங்க.

புதுச்சத்திரம் எப்ப வரும்? அரை மணி நேரமாகுமா? சரிங்க. லேட்டாகுதேன்னு கேக்கலைங்க, சீக்கிரம் வந்துருமோன்னுதான் கேட்டேன். தெனமும் ஸ்கூல் வேன்லதான் போவேன். பன்னெண்டாவதுக்குக் கெமிஸ்ட்ரி டீச்சருங்க நான், பதினாலு வருசமா. இன்னைக்கு வேன்ல ஏற மனசு வரல. ஏறுனா எல்லாரும் என் மூஞ்சியையே பாப்பாங்க. பதினோரு மணிக்கு ஸ்கூல்ல விசாரணை. கரஸ்பாண்டென்ட் ஐயாவே வர்றார். நான் போயி ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். அவ்வளவுதான் என் வேலை.

நான் ஒண்ணும் தப்புப் பண்ணலைங்க, அதை முதல்லயே சொல்லிப்போடறேன். மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாங்க. யாரு சொன்னாங்களோ தெரியல. பயமா இருக்குங்க்கா. அப்படி ஒரு பயம்.

நீங்க யாரோ நான் யாரோ, எறங்கிட்டா மறுபடி பாக்கப் போறதில்ல. அதனால சொல்றேன். ஊர்ல ஒருத்தர்கிட்ட சொல்ல முடியாதுங்க. ராசிபுரத்துல தும்முனா நாமக்கல்ல 'நூறு வயசு'ங்கறாங்க.

எங்க ஊட்ல ரெண்டு கம்ப்யூட்டருங்க. ஹால்ல மேசை மேல ஒண்ணு, என் ரூம்ல ஒரு லேப்டாப். நான் எடுக்கற கேள்வித்தாளெல்லாம் லேப்டாப்லதான் இருக்கும். அதுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கேன், எனக்கு மட்டும்தான் தெரியும், ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஆனா தமிழ் எழுத்தும் பிரின்டரும் ஹால் கம்ப்யூட்டர்லதான். அதனால என் தங்கச்சி ஊட்டுக்காரர் ரெண்டையும் வைஃபையில சேத்து வச்சுக் குடுத்தாரு. ஹால்ல உக்காந்தே ரூம்ல இருக்கற ஃபைலைத் திறக்கலாம், அடிக்கலாம். ரெண்டு வருசம் ஒரு தொந்தரவும் இல்லைங்க.

கேள்வித்தாளை ஸ்கூல்லயே வச்சுத்தான் அடிக்கோணும்னு ரூல் இருக்கு. இருக்குதுங்க, இல்லைங்கல. ஆனா ஸ்கூல் லேப்ல எப்பப் பாத்தாலும் எட்டாவது புள்ளைங்க உக்காந்துட்டு இருக்கும். எல்லா டீச்சரும் ஊட்லதான் அடிக்கறாங்க. நான் ஒருத்தி மட்டுமா?

ஊட்ல நாங்க மூணு பேரு. நானு, ஊட்டுக்காரரு, என் மக தர்ஷிணி. பன்னெண்டாவது, எங்கிட்டத்தான் படிக்கறா. மாடியில ஒரு குடித்தனம் இருக்குது. பரமேசுவரின்னு ஒரு பொம்பள, அவ ஊட்டுக்காரர் கோழித்தீவன லாரி ஓட்டறாரு. அவங்க மக ரூபிணி, அவளும் அதே கிளாசு. ஃபீஸ்ல பாதி சலுகை வாங்கிப் படிக்கற புள்ள. நான்தான் சொல்லி வாங்கிக் குடுத்தேன். அதை ஒரு நாளும் நான் சொல்லிக் காட்டுனது கெடையாதுங்க. வாடகையோட தண்ணியும் வைஃபையும் சேர்த்தி. இப்பெல்லாம் வைஃபை இல்லைன்னா குடித்தனமே வர மாட்டேங்கறாங்களே.

ரெண்டாவது திருப்புதல் தேர்வு வந்துச்சுங்களா, ஜனவரியில. எங்க நிர்வாகத்துல ஆறு ஸ்கூலு. ஆறுக்கும் கெமிஸ்ட்ரிக் கேள்வித்தாள் என் பொறுப்பு. திங்கக்கெழம காத்தால பிரின்ட்டுக்குக் குடுக்கோணும். சனிக்கெழம மத்தியானம் சாப்பிட்டுட்டு ஹால்ல வந்து உக்காந்து ஃபைலைத் தட்டறேன், திறக்க மாட்டேங்குது. உனக்கு இதைத் திறக்க அனுமதி கெடையாது, நிர்வாகியைக் கேட்டுக்கோன்னு இங்கிலீசுல போடுது. நிர்வாகி யாருங்க? நான்தான! என் ஊடு, என் கம்ப்யூட்டரு, நான் அடிச்ச கேள்வி, எனக்கே அனுமதி இல்லையாம்.

ரெண்டையும் அணைச்சு அணைச்சுப் போட்டேன். வைஃபை டப்பாவைப் புடுங்கி மாட்டுனேன். பேரு கேட்டுச்சு, பாஸ்வேர்டு கேட்டுச்சு, ரெண்டையும் போட்டா மறுபடியும் அனுமதி இல்லைங்குது. பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு மாத்தி மாத்திப் போட்டேன். வழக்குப் போட்ட ஊட்டு ஓனர்கிட்டச் சாவி கேட்டு நிக்கற மாதிரி ஆயிருச்சு. பென்டிரைவ்ல எடுத்துட்டு வந்திருக்கலாமேங்கறீங்களா? போன வருசம் ஸ்கூல் பென்டிரைவைச் சொருகி வைரஸ் வந்து, ஆறு மாசப் பேப்பர் போயிருச்சுங்க. அதுல இருந்து ஊட்டுக்குள்ள பென்டிரைவ் வரக்கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டேன். பாதுகாப்புக்குத்தான்.

கடைசியில எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் பாக்கற மாதேஸ்வரன் சாருக்குப் போன் பண்ணுனேன். அவரு ஒரு கலியாணத்துல இருக்காரு, மேளச் சத்தம் காதைப் பொளக்குது. "டீச்சர், இது ஒரு பிரச்சனையே இல்ல. லேப்டாப்ல அந்த ஃபோல்டரு மேல ரைட் கிளிக் பண்ணுங்க. யாருக்கெல்லாம் அனுமதின்னு ஒரு பட்டியல் வரும். அதுல எவ்ரிஒன்னு சேத்து முழு அனுமதின்னு டிக் பண்ணிருங்க. பாஸ்வேர்டு கேக்கறதையும் ஆஃப் பண்ணிருங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம எடுத்துருங்க"ன்னாரு. அவரு சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணாப் பண்ணுனேன். பொசுக்குன்னு திறந்துச்சுங்க! சாமி கும்புட்டேன்.

எடுக்க மறந்துட்டேன். இதுதாங்க என் தப்பு. வேற ஒண்ணும் கெடையாது.

எடுக்கலைன்னா என்னன்னு எனக்கு அப்பத் தெரியாதுங்க. பின்னாடிதான் சொன்னாங்க. எவ்ரிஒன்னா நம்ம வைஃபையில இருக்கற யாரு வேணாலும்னு அர்த்தமாம். பாஸ்வேர்டும் கேக்காதாம். ஹால் கம்ப்யூட்டரும் திறக்கலாம், தர்ஷிணி டேப்லெட்டும் திறக்கலாம், மாடியில இருக்கறவங்க போன்லயும் திறக்கலாம். லேப்டாப்பை நான் அணைக்கறதே இல்லைங்க, அணைச்சா எந்திரிக்கக் கால் மணி நேரம் ஆகும். மூணு வாரம் அப்படியே கெடந்திருக்குது. கதவைத் திறந்து போட்டுட்டு உள்ள நிம்மதியாத் தூங்கியிருக்கேன்.

பரீட்சை முடிஞ்சு மார்க்கு வந்துச்சு. எழுத்துத் தேர்வு எழுவதுக்கு. ரூபிணி எழுவதுக்கு எழுவது வாங்கிட்டா! முந்துன தேர்வுல அம்பத்தொண்ணு வாங்குன புள்ள. என் மக அறுவத்தி நாலு. ரெண்டு நாள்ல ஒரு கடுதாசி வந்துச்சுங்க, யாரோ ஒரு பெத்தவங்க எழுதுனது, பேரு போடல. கேள்வித்தாள் எடுத்த டீச்சர் ஊட்டு மாடியில குடியிருக்கற புள்ள எப்படி முழு மார்க் வாங்குச்சு, விசாரிங்கன்னு. பிரின்சிபால் மேடம் ஒவ்வொருத்தரையா கூப்புட்டாங்க. மாதேஸ்வரன் சாரு பயந்துட்டு, நான்தான் எவ்ரிஒன் போடச் சொன்னேன்னு ஒப்பிச்சுட்டாரு. அதோட முடிவே பண்ணிட்டாங்க. மாடியில இருந்துட்டு அந்தப் புள்ள வைஃபையில எடுத்திருக்குதுன்னு. இன்னைக்கு நான் போயி, ஆமாங்க, அந்த ஃபோல்டரு அப்படித் திறந்துதான் கெடந்துச்சுன்னு சொன்னா, அவ கையில டி.சி. குடுத்துருவாங்க. பொதுத்தேர்வுக்கு முப்பத்தேழு நாள் இருக்குது. அப்புறம் எந்த ஸ்கூல்ல சேப்பாங்க?

எனக்கு அந்தப் புள்ள மேல பாசம்தாங்க. அதுக்காகப் பொய் சொல்ல முடியுங்களா?

பிரின்சிபால் கூப்புட்ட அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த எவ்ரிஒன்னை எடுத்தேன். செருப்பைக்கூடக் கழட்டல. பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டேன். அதுக்கப்புறம் மாதேஸ்வரன் சாரு வந்து லேப்டாப்பைப் பாத்தாரு. யாரு வந்தாங்கன்னு கம்ப்யூட்டரு எழுதி வச்சிருக்குமான்னு கேட்டேன். தேடிப் பாத்துட்டு, "எல்லாம் கெஸ்ட்டுன்னுதான் காட்டுது டீச்சர். பாஸ்வேர்டு இல்லாம வந்தா பேரு பதியாது"ன்னாரு. கெஸ்ட்டுன்னா விருந்தாளி. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சுங்க. ஏன்னு கேக்காதீங்க. யாரு பேரும் கெட வேண்டாம்னுதான்.

அதுக்குள்ள மாடியில விசயம் தெரிஞ்சு போச்சு. ரூபிணி தடதடன்னு எறங்கி வந்தா. அழுவான்னு நெனச்சேன், அழுகலைங்க. போனை நீட்டுனா. "டீச்சர், எங்க ஊட்ல இது ஒண்ணுதான் இருக்குது. நீங்களே முழுசாப் பாத்துருங்க. கேள்வித்தாள்ல என்ன இருந்துச்சுன்னு எல்லாரையும் விட உங்களுக்குத்தான் தெரியும்"னா. பாத்தேன். வாட்ஸப்பு, போட்டோ, டவுன்லோடு எல்லாம் பாத்தேன். பாடம் சம்பந்தப்பட்டதும், அவங்கப்பா லாரி முன்னாடி நின்னு புடிச்ச போட்டோவும்தான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. சரி கண்ணு, போன்னு திருப்பிக் குடுத்தேன். அதைப் பிரின்சிபால்கிட்டச் சொன்னியான்னா, சொல்லலைங்க. கேட்டாத்தான சொல்ல முடியும்? இல்லைங்கறதுக்கு என்ன சாட்சி? அழிச்சிருக்கலாமே. நான் சொல்லலைங்க, அவங்க அப்படிச் சொல்லுவாங்க.

முறுக்கா? வேண்டாங்க, எறங்காது. நீங்க சாப்புடுங்க.

இன்னொண்ணு இருக்குதுங்க. அது பெரிய விசயமில்ல. சும்மா சொல்றேன்.

எங்க ஸ்கூல்ல திருத்துன பேப்பரை ஊட்டுக்குக் குடுத்துவுட்டு, பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. சொந்தப் புள்ள பேப்பரை நாம திருத்தக் கூடாது, அதனால தர்ஷிணி பேப்பரை எஸ்தர் டீச்சர்தான் திருத்துனாங்க. போன வாரம் கையெழுத்துக்கு நீட்டுனா. எங்க மார்க்கு போச்சுன்னு பொரட்டிப் பாத்தேன். ஒரு கணக்கு. ஒரு வினையோட அரை வாழ்காலம் அறுவது நிமிசம், முக்கால் பங்கு முடிய எவ்வளவு நேரமாகும்னு கேள்வி. அறுவதும் அறுவதும் நூத்தியிருவது, ரெண்டு மணி நேரம். அஞ்சு மார்க்கு. ஒண்ணும் பெரிய வித்தையில்லைங்க. தர்ஷிணி, கொடுக்கப்பட்டது நாப்பது நிமிசம்னு எழுதி, எம்பதுன்னு விடை போட்டிருந்தா. எஸ்தர் டீச்சர் செவப்பு மையில, கேள்வியைச் சரியாப் படின்னு எழுதி மார்க்கைக் கொறைச்சிருந்தாங்க.

நான் அப்படியே உக்காந்துட்டேன்.

ஏன்னா முதல்ல நான் நாப்பதுன்னுதாங்க அடிச்சிருந்தேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஊட்டு லேப்டாப்ல நாப்பதுதான். திங்கக்கெழம பிரின்ட்டுக்குக் குடுக்கறப்ப, விடை ரெண்டு மணி நேரம்னு முழுசா வரட்டுமேன்னு எனக்கே மெயில் பண்ணியிருந்த ஃபைலை ஸ்கூல் கம்ப்யூட்டர்ல திறந்து அறுவதுன்னு மாத்துனேன். அந்த நாப்பது என் லேப்டாப்பையும் என் மெயிலையும் தாண்டி எங்கயும் போகல. உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவசரத்துல கண்ணு தப்பியிருக்கும். ஆறு நாலு மாதிரித் தெரியறது உண்டுங்களே. அச்சு மங்கலா இருந்திருக்கும். நாப்பதுங்கற நம்பரு தற்செயலா யாருக்கும் தோணக்கூடாதுங்களா? ரூபிணி பேப்பரை நான்தான் திருத்துனேன், அவ அறுவதுன்னு எடுத்துத்தான் போட்டிருந்தா. படி விடாம, அழகா. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஞாபகம் இல்லாமப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க.

அதுல இருந்து என் மகளுக்குச் சோறு எறங்கல. தட்டுல போட்டா பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டுப் போயிர்றா. பரீட்சைப் பயம்னு ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். மாடிப் படியில செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிக்கறா. ரெண்டு பேரும் எல்.கே.ஜி.யில இருந்து ஒண்ணா இருந்த புள்ளைங்க. நேத்து சாயங்காலம் காப்பி ஆத்திட்டு இருந்தேன், பின்னாடி வந்து நின்னா. "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்"னா. காப்பி மேலெல்லாம் ஊத்திக்கிச்சு. திரும்பி அவ வாயைப் பொத்திட்டேன். "வேண்டாம் சாமி. சொல்லாத. நீ சொல்லிட்டீன்னா எனக்குத் தெரிஞ்சு போயிரும்"னேன்.

பெத்தவ வேற என்ன செய்வா சொல்லுங்க. அவ என் கையை எடுத்து விட்டா. அப்புறம் துணி எடுத்துட்டு வந்து கீழ கெடந்த காப்பியைத் தொடச்சா. "நாளைக்கு என்னம்மா சொல்லப் போற?"ன்னு கேட்டா. "நடந்ததைச் சொல்லுவேன். ஃபோல்டரு திறந்து கெடந்துச்சு, வைஃபையில இருக்கற யாரு வேணாலும் எடுத்திருக்கலாம்பேன். அதுல ஒரு எழுத்துப் பொய் இருக்குதா?"ன்னேன். துணியைப் பிழிஞ்சு போட்டுட்டு ரூமுக்குப் போயிட்டா. காலையில எனக்கு முன்னாடியே குளிச்சு வேன்ல போயிட்டா. வாசல்ல நின்னு, போயிட்டு வர்றேம்மான்னுகூடச் சொல்லலைங்க.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்ப ஸ்டாண்டுல இருந்து சொல்லிப் பாத்துட்டு வர்றேன். ஃபோல்டரு திறந்து கெடந்துச்சுங்க ஐயா, யாரு வேணாலும் எடுத்திருக்கலாமுங்க. சத்தியமான வார்த்தை. எந்தக் கோயில்ல வேணாலும் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன். அதுக்கு மேல அவங்களா யாரு மேலயாவது முடிவு கட்டுனா அதுக்கு நான் பொறுப்பில்லைங்களே. ஆனா, அந்த நாப்பதைப் பத்தி யாராச்சும் கேட்டுப்போட்டா? யாரும் கேக்க மாட்டாங்க. தெரிஞ்சாத்தான கேப்பாங்க. பரமேசுவரியையும் வரச் சொல்லியிருக்காங்க. காலையில வாசல் தெளிச்சுட்டு இருந்தவ என்னைப் பாத்து, "டீச்சரு இருக்கறப்ப எம்புள்ளைக்கு என்ன பயம்"னா. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். பஸ்சுல ஏறி உக்காந்த பின்னாடியும் தலை ஆடிட்டே இருந்துச்சு.

ஐயோ, போன் அடிக்குதுங்க. பிரின்சிபால் ரூம் நம்பரு. மணி பத்தேகால்கூட ஆகல. எதுக்கு இப்பவே கூப்புடறாங்க? எனக்குத் தெரியாம என்னவோ தெரிஞ்சு போச்சுங்க. நான் எடுக்கல. நீங்க பேசறீங்களா, டீச்சருக்கு ஒடம்பு சரியில்லைன்னு? இல்ல, வேண்டாம். குடுங்க. எடுக்கறேன். கொஞ்சம் என் தோளைப் புடிச்சுக்கங்க.

அலோ, மேடம், வந்துட்டே இருக்கேன் மேடம்... யாரு? தர்ஷிணியா? கண்ணு, நீ எதுக்கு அந்த ரூம்ல இருக்கற?... என்னது?... யாருகிட்ட?... எப்பச் சொன்ன?... நாப்பதையுமா சொன்ன?... அவ எங்க? பக்கத்துலயா நிக்கறா?... ம்... ம்... சரி சாமி. அழுகாத. வர்றேன். அழுகாத.

வச்சுட்டா.

சொல்லிட்டாங்க்கா. மொத பீரியடுக்கு முன்னாடியே பிரின்சிபால் ரூமுக்கு அவளாப் போயி, நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டா. அந்தக் கணக்கையும் காட்டியிருக்கறா. ரூபிணியைக் கூப்புட்டு எல்லார் முன்னாடியும் கையைப் புடிச்சுக்கிட்டாளாம். டி.சி.யை இவளுக்குக் குடுப்பாங்களோ என்னவோ, எனக்கு ஒண்ணும் தெரியல. என் வேலையும் போயிரும். ஆனா அது இல்லைங்க. கடைசியா ஒண்ணு சொன்னா. "நீ பயப்படாம வாம்மா, இனி நீ பொய் சொல்ல வேண்டியதில்ல"ன்னா.

நீங்க ஆரம்பத்துல இருந்து கேட்டுட்டுத்தான வர்றீங்க? சொல்லுங்க்கா. நான் பொய் சொல்லப் போறேன்னு அந்தப் புள்ளைக்கு யாருங்க சொன்னது?